கேளுங்க, சொல்றேன்: மெஷினைக் கழட்டி வச்சா சில்வண்டு கத்துது

போன இதழ்ல காது இரைச்சலைப் பத்தி ரெண்டே ரெண்டு பத்தி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்வளவு லெட்டர் வரும்னு நினைக்கல. குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர், அந்தப் பக்கம் கொடைக்கானல்னு எந்த மலையைத் தொட்டாலும் யாரோ ஒருத்தர் காதுக்குள்ள ஏதோ ஒண்ணு கத்திக்கிட்டுதான் இருக்கு போல. அதுல சிலது காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேக்காதவங்களுக்கு ஆப்பரேஷன் பண்ணி வைக்கற கருவி) வச்சவங்க, இல்ல வைக்கலாமா வேண்டாமான்னு முழிக்கிறவங்க எழுதினது, அதனால இந்த மாசம் மத்த கேள்விகளை ஓரமா வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். ஒரு விஷயம், நிறைய பேர் 'டாக்டரம்மா'ன்னு எழுதறீங்க, நான் டாக்டர் இல்லீங்க, ஆடியாலஜிஸ்ட். காதை டெஸ்ட் பண்றது, மெஷினை செட் பண்றது என் வேலை, கத்தி பிடிக்கிறது இஎன்டி சர்ஜன் வேலை.

கேள்வி: மேடம், எனக்கு 58 வயசு. டீ பாக்டரில 27 வருஷம் ரோலர் பக்கத்துலயே வேலை பாத்தேன். பத்து வருஷமா காது மந்தம், இப்ப ரெண்டு காதும் சுத்தமா போச்சு. ஹியரிங் எய்டு வச்சா சத்தம் கேக்குது, பேச்சு புரியல. அதைக்கூட பொறுத்துக்குவேன், ஆனா காதுக்குள்ள ராவும் பகலும் சில்வண்டு கத்துது. கோயமுத்தூர்ல டாக்டர் காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கலாம்னு சொல்றார். வச்சா இந்த சில்வண்டு நிக்குமா? நிக்கும்னா இருக்கற கால் ஏக்கரை வித்தாவது வச்சுக்கறேன்.
(குன்னூர் வாசகர்)

பதில்: அண்ணே, கால் ஏக்கரை விக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுருங்க.

முதல்ல அந்த சில்வண்டு எங்க இருக்குன்னு பாப்போம். காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒண்ணு இருக்கு, அதான் காக்ளியா. அதுக்குள்ள சுமார் 15 ஆயிரம் முடி செல்கள் இருக்கு, வெளிய இருந்து வர்ற சத்தத்தை நரம்புக்குப் புரியற கரன்ட்டா மாத்தறது அதுங்கதான். பாக்டரி சத்தமோ, வயசோ, சில மருந்தோ அதுங்களை சாகடிச்சா திரும்ப முளைக்காது. கீச்சு சத்தத்தைப் பிடிக்கிற செல்கள்தான் முதல்ல போகும். இப்ப மூளைக்கு அந்தப் பக்கத்துல இருந்து தகவலே வரல, அது சும்மா இருக்குமா? நம்ம பஸ்ல மலை இறங்கும்போது பாத்திருப்பீங்க, ஒரு வளைவுல ரேடியோ ஸ்டேஷன் போயிடும், டிரைவர் வால்யூமைத் திருப்பித் திருப்பி ஏத்துவார், பாட்டு வராது, 'ஸ்ஸ்ஸ்'னு இரைச்சல்தான் பெருசாகும். அந்த இரைச்சல் ஸ்டேஷன்ல இருந்து வரல, ரேடியோ தானா போடறது. உங்க சில்வண்டும் கிட்டத்தட்ட அதுதான், அதனாலதான் காதைப் பொத்தினாலும் கத்துது, காதுல எதை ஊத்தினாலும் கத்துது.

ஒண்ணு கேக்கணும். பாக்டரி சத்தம் மட்டுமே ரெண்டு காதையும் இப்படி அடியோட சாப்பிடறது அபூர்வம், பேச்சு கொஞ்சமாவது மிஞ்சும். நடுவுல டிபி வந்து ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மாசக்கணக்கா போட்டீங்களா? இல்ல ஆஸ்பத்திரில படுத்து ஜென்டாமைசின், அமிக்காசின் மாதிரி ஊசி ஏறுச்சா? குடும்பத்துல யாருக்காவது காது மந்தமா? இதை டாக்டர் கேக்காட்டியும் நீங்களே சொல்லிடுங்க.

இப்ப இம்ப்ளான்ட். செத்த செல்களை அது உசுப்பறது இல்ல, அதுங்களைத் தாண்டிப் போயிடுது. காதுக்குப் பின்னாடி மாட்டற பிராசஸர்ல மைக் இருக்கு, அது சத்தத்தை வாங்கி, தலைல காந்தத்தால ஒட்டிக்கிட்டு நிக்கற ஒரு வட்டத் தட்டு வழியா, தோலுக்கு அடியில இருக்கற பாகத்துக்கு அனுப்புது. அங்க இருந்து ஒரு மெல்லிசான ஒயர் காக்ளியாக்குள்ள போகும், அதுல கம்பெனிக்கு கம்பெனி 12ல இருந்து 22 எலக்ட்ரோடு வரைக்கும் இருக்கும், அது நேரா நரம்புக்கு கரன்ட் குடுக்கும். 15 ஆயிரம் செல் செஞ்ச வேலையை 22 புள்ளி செய்யுதுன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, ஆரம்பத்துல எல்லார் குரலும் தகர டப்பாக்குள்ள இருந்து பேசற மாதிரிதான் இருக்கும், மாசக்கணக்கா பழகணும். ஆனா பழகிட்டா பெரும்பாலானவங்க எதிர்ல நின்னு பேசறதைப் புரிஞ்சுக்கறாங்க, சிலர் போன்லயே பேசறாங்க.

இரைச்சலுக்கு வருவோம். இந்த ஆப்பரேஷனுக்கு வர்ற பெரியவங்கள்ல மூணுல ரெண்டு பேருக்கு மேல ஏற்கெனவே இரைச்சலோடதான் வர்றாங்க, நீங்க தனி ஆள் இல்ல. வச்ச பிறகு நிறைய பேருக்குக் குறையுது, சிலருக்கு சுத்தமா நின்னே போகுது, சிலருக்கு அப்படியே இருக்கு, கொஞ்ச பேருக்குக் கூடுது. இரைச்சலே இல்லாம ஆப்பரேஷனுக்குப் போனவங்கள்லயும் ஒரு சிலருக்குப் புதுசா வந்திருக்கு, இதை ஆஸ்பத்திரில கொஞ்சம் சின்ன குரல்ல சொல்லுவாங்க, நான் இங்க சத்தமாவே சொல்லிடறேன். உங்களுக்கு எந்தக் கணக்குன்னு முன்கூட்டியே சொல்ல இன்னைக்கு யாராலயும் முடியாது, அப்படி 'நிச்சயம் நின்னுடும்'னு ஒருத்தர் சொன்னா அவர்கிட்ட இருந்து தள்ளியே இருங்க.

குறையறதும் ஆப்பரேஷன் ஆன அன்னைக்கு நடக்காது. தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டு, ரெண்டுல இருந்து நாலு வாரம் கழிச்சுதான் மெஷினை ஸ்விட்ச் ஆன் பண்ணுவாங்க. அந்த இடைவெளில மிச்சம் இருந்த கொஞ்சநஞ்ச கேக்கற சக்தியும் போயிருக்கலாம், சத்தம் எதுவும் உள்ள போகாது, சில்வண்டு முன்னைவிட ஆட்டம் போடும், 'ஐயோ காசைக் குடுத்து வம்பை வாங்கிட்டோமே'ன்னு அழுதவங்களைப் பாத்திருக்கேன். ஸ்விட்ச் ஆன் ஆகி நரம்புக்கு நிஜ சத்தம் போக ஆரம்பிச்ச பிறகுதான் மூளை அந்த வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கும், சிலருக்கு அன்னைக்கே, சிலருக்கு அஞ்சாறு மாசம்.

அதனால உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: சில்வண்டு ஒரு இம்மிகூட குறையாட்டியும் இந்த மெஷின் எனக்கு வேணுமா? பேரப்பிள்ளை பேசறது புரிஞ்சா போதும், அதுக்காகவே வைக்கறேன்னு மனசு சொன்னா வையுங்க, இரைச்சல் குறைஞ்சா அது மேற்கொண்டு கிடைச்ச லாபம். இரைச்சலுக்காக மட்டும்தான்னு மனசு சொன்னா இப்போதைக்கு நிலம் அப்படியே இருக்கட்டும். வைக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, இரைச்சல் எவ்வளவு படுத்துதுன்னு அளக்க 25 கேள்வி உள்ள ஒரு படிவம் இருக்கு, 100க்கு மார்க் வரும், அதை முன்னாடி ஒரு தடவ, ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ போடச் சொல்லுங்க. ஞாபகத்தை நம்பாதீங்க, போன வருஷம் குளிர் எவ்வளவு இருந்துச்சுன்னு கேட்டாலே ஆளுக்கு ஒண்ணு சொல்லுவோம்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரருக்கு இம்ப்ளான்ட் வச்சு எட்டு மாசம் ஆச்சு. பகல்ல ஒரு குறையும் இல்ல, சத்தமே இல்லைன்னு சொல்வார், சிரிச்சு பேசுவார். ராத்திரி மெஷினைக் கழட்டி டப்பால வச்ச அஞ்சாவது நிமிஷம் இரைச்சல் வந்துடுது, எழுந்து உக்காந்துக்குவார். ரெண்டு மணி மூணு மணி வரைக்கும் வீட்டுக்குள்ள நடக்கறார். எனக்கும் தூக்கம் போச்சு. காலைல தேயிலை பறிக்கப் போகணும். ஆப்பரேஷன் சரியில்லையா அக்கா?
(கோத்தகிரி வாசகி)

பதில்: ஆப்பரேஷன் நல்லாத்தான் இருக்கும்மா, அதுக்கு அத்தாட்சியே பகல்ல அவர் சிரிக்கறதுதான். மெஷின் ஓடும்போது நரம்புக்கு வேலை இருக்கு, கழட்டினதும் எலக்ட்ரோடு சும்மா கிடக்கு, மூளை பழைய குருடி கதவைத் திறடின்னு ஆரம்பிச்சுடுது. இம்ப்ளான்ட் வச்ச பலருக்கு இரைச்சல்ங்கறது ராத்திரி விவகாரமா மாறிடுது, இதை முன்னாடியே சொல்லி வச்சா பாதி பயம் குறையும், ஆனா சொல்றவங்க கம்மி.

இன்னொரு கொடுமை பாருங்க. காது இரைச்சலுக்கு யாரைக் கேட்டாலும் என்ன சொல்வாங்க? ஃபேனைப் போட்டுட்டு தூங்கு, போன்ல மழைச் சத்தம் வச்சுட்டு தூங்குன்னு. நம்ம ஊர்ல எந்த வீட்டுல ஃபேன் இருக்கு? அப்படியே கீழ்நாட்டுல இருந்து ஒண்ணு வாங்கிட்டு வந்து ஓட்டினாலும், மெஷினைக் கழட்டின மனுஷனுக்கு ஃபேனும் கேக்காது, நிஜமாவே தகரத்துல மழை கொட்டினாலும் கேக்காது. எல்லாருக்கும் உதவற வைத்தியம் அவருக்கு மட்டும் உதவாது. அதனால அவருக்கு வழி வேற.

முதல்ல கழட்டினதுல இருந்து இரைச்சல் வர எவ்வளவு நேரம்னு ஒரு வாரம் குறிச்சு வைங்க. சிலருக்கு கழட்டின பிறகும் அரைமணி, ஒருமணி நேரம் அமைதி நிக்கும், அவங்க கண்ணை சொக்கும்போது கழட்டிட்டு அந்த அமைதிக்குள்ள தூங்கிடணும். உங்க வீட்டுக்காரருக்கு அஞ்சு நிமிஷம்னு சொல்றீங்க, அப்ப ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, படுக்கையிலயும் மெஷினோடயே இருந்து, சன்னமா பாட்டோ பேச்சோ கேட்டுக்கிட்டே தூக்கம் கண்ணைக் கட்டற நேரத்துல மட்டும் கழட்டறது. இன்னொண்ணு இதுக்கு நேர் எதிர்: சாப்பிட்டதுமே, வீட்டுல எல்லாரும் முழிச்சிருக்கும்போதே, லைட் எரியும்போதே கழட்டிடறது. இரைச்சல் வரும், வரட்டும், அப்ப பக்கத்துல ஆள் இருக்கு, கையில வேலை இருக்கு. இருட்டு, படுக்கை, இரைச்சல் மூணும் ஒண்ணா சேர்ந்து வர்றதுதான் விஷம், அந்தக் கூட்டணியைக் கலைக்கணும். என்கிட்ட வந்துக்கிட்டிருந்த ஒரு ரிட்டயர்டு டிரைவர் ராத்திரி ஏழரைக்கே கழட்டிட்டு பேத்தியோட சீட்டு ஆடுவார், பத்து மணிக்குப் படுக்கும்போது இரைச்சல் ஒண்ணும் புது விருந்தாளி இல்லைன்னு சொல்வார். ரெண்டையும் பத்து பத்து நாள் செஞ்சு பாத்துட்டு எது ஒத்துவருதோ அதைப் பிடிச்சுக்கங்க.

மெஷினோடயே தூங்கினா என்னன்னு கேப்பீங்க. காந்தம் ஒட்டற இடத்துல தோலுக்கு ஓய்வு வேணும், பேட்டரி சார்ஜ் ஆகணும், நாள் பூரா பட்ட ஈரம் காயணும், அதுக்காகத்தான் கழட்டச் சொல்றது. ஆனா அடம் பிடிச்சு தினமும் போட்டுத் தூங்கறவங்களும் இருக்காங்க. முடியவே முடியலைன்னா ஆடியாலஜிஸ்ட்கிட்ட கேட்டு, காந்தத்தோட பலத்தைப் பாத்து, தோல் சிவக்குதான்னு தினமும் பாத்துட்டு செய்யலாம், கேக்காம நீங்களா செய்யாதீங்க. இன்னொரு காது கொஞ்சமாவது கேக்குதா? கேட்டா அந்தக் காதுக்கு ஹியரிங் எய்டோ, தலையணைக்கு அடியில ஒரு சின்ன ஸ்பீக்கரோ வச்சுப் பாக்கலாம்.

இவ்வளவுக்கும் மசியலைன்னா அவரை கவுன்சலிங்குக்கு கூட்டிட்டுப் போங்க. 'எனக்கென்ன பைத்தியமா'ன்னு குதிப்பார், குதிக்கட்டும். சத்தத்தைக் குறைக்கறதுக்கு இல்ல அது, சத்தம் வந்ததும் நெஞ்சு அடிச்சுக்குதே, 'இனி தூக்கம் அவ்வளவுதான்'னு மனசு ஓடுதே, அதை நிறுத்தறதுக்கு. சிபிடின்னு சொல்வாங்க, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தப் பழக்கற பேச்சு சிகிச்சை, காது இரைச்சலால படற அவஸ்தைக்கு இருக்கற வழிகள்ல நல்லா சோதிச்சுப் பாத்த வழி அது. ரெண்டு பெக் போட்டா தூங்கிடுவேன்னு சொன்னா மட்டும் ஒத்துக்காதீங்க, நடுராத்திரில முழிப்பு தட்டும், அப்ப இன்னும் மோசம்.

உங்களுக்கு ஒண்ணு. படுக்கப் போறதுக்கு முன்னாடி, மெஷின் மாட்டியிருக்கும்போதே சொல்ல வேண்டியதை சொல்லி முடிச்சுடுங்க. ஒரு சின்ன நைட் லேம்ப் எரியட்டும், உங்க வாயைப் பாத்தாவது புரிஞ்சுக்குவார். அவசரத்துக்கு எப்படி எழுப்பறதுன்னு பேசி வச்சுக்கங்க, தோள்ல ரெண்டு தட்டு தட்டினா எழுந்திருக்கணும்னு. வாசல்ல காட்டெருமை நிக்கறப்போ 'போகாதீங்க போகாதீங்க'ன்னு பின்னாடி இருந்து கத்தி பிரயோஜனம் இல்ல பாருங்க.

கேள்வி: வயசு 34, ஸ்கூல் டீச்சர். ஏழு மாசம் முன்னாடி காலைல எழுந்தா வலது காது அடைச்ச மாதிரி இருந்துச்சு. மார்கழிப் பனி, சளி இறங்கியிருக்கும்னு ஆவி பிடிச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு மதுரை போனா நரம்பு போச்சுன்னு சொல்லிட்டாங்க. இடது காது நல்லா இருக்கு. ஆனா வலது காதுல பிரஷர் குக்கர் மாதிரி சத்தம், கிளாஸ்ல பிள்ளைங்க பேசறதைவிடப் பெருசா. ஒரு காது மட்டும் போனவங்களுக்கு இம்ப்ளான்ட் வைப்பாங்களா?
(கொடைக்கானல் வாசகி)

பதில்: வைப்பாங்கம்மா. அதுவும் உங்க மாதிரி கேஸ்லதான் இரைச்சலுக்காகவே இம்ப்ளான்ட்டை யோசிச்சுப் பாத்தாங்க. பெல்ஜியம் ஆன்ட்வெர்ப்ல ஒரு காது போய் அதுல தாங்க முடியாத இரைச்சல் இருந்தவங்களுக்கு வச்சுப் பாத்து, இரைச்சல் நல்லாவே குறைஞ்சுதுன்னு 2008ல எழுதினாங்க. 2019ல அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ ஒரு காது மட்டும் போனவங்களுக்கும் இதை அனுமதிச்சுது. நம்ம நாட்டுல செலவு லட்சக்கணக்குல, உங்க கைக்காசுதான்னு நினைச்சுக்கங்க. முதல்ல அந்தக் காதுக்கு எம்ஆர்ஐ எடுத்தாச்சான்னு பாருங்க, ஒரு காது மட்டும் போனா நரம்புல கட்டி ஏதும் இருக்கான்னு பாக்கறது வழக்கம், இம்ப்ளான்ட் வச்ச பிறகு உள்ள காந்தம் இருக்கறதால எம்ஆர்ஐ எடுக்கறது சிக்கல். அப்புறம் வலது பக்க சத்தத்தை இடது காதுக்கு அனுப்பற மெஷின் இருக்கு, அதைக் கொஞ்ச நாள் கடன் வாங்கி மாட்டிப் பாருங்க, கிளாஸ்ல உதவலாம், ஆனா இரைச்சலுக்கு அது பெருசா ஒண்ணும் செய்யாது.

உங்களைத் திட்டறதுக்கு இல்ல, இதைப் படிக்கற மத்தவங்களுக்காக சொல்றேன். மலைல இருக்கற நமக்கு காது அடைச்சா ஒரே பதில்தான், பனி. இல்லைன்னா 'வத்தலகுண்டு இறங்கினா சரியாயிடும்'. திடீர்னு ஒரு காது போனா அது எமர்ஜென்சி, கண்ணு போன மாதிரி. ஸ்டீராய்டு குடுத்து காப்பாத்தப் பாப்பாங்க, அது முதல் சில நாள்ல ஆரம்பிச்சாதான் பலன், ரெண்டு வாரம் தாண்டினா வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகும். சளியா நரம்பான்னு வீட்டுலயே ஒரு பார்வை பாக்கலாம்: வாயை மூடிக்கிட்டு 'ம்ம்ம்'னு முணகுங்க. அடைச்ச காதுல சத்தம் பெருசா கேட்டா பெரும்பாலும் அழுக்கு, சளி. நல்ல காதுப் பக்கமா சத்தம் ஓடிப்போச்சுன்னா நரம்பா இருக்கலாம், அன்னைக்கே பஸ் ஏறுங்க. இது டெஸ்ட்டுக்கு பதில் இல்ல, பஸ் ஏற ஒரு காரணம், அவ்வளவுதான்.

கேள்வி: சுத்தமான நீலகிரி தைலத்தை சூடு பண்ணி பூண்டு போட்டு காதுல விட்டா இரைச்சல் போகும்னு கடைக்காரர் சொல்றார், உண்மையா?
(ஊட்டி வாசகர்)

பதில்: மூக்கடைப்புக்கு முகர்ந்து பாருங்க, காதுப் பக்கம் கொண்டு போகாதீங்க. உள்ள எரிச்சல் வரும், ஜவ்வுல ஓட்டை இருந்தா நடுக்காதுக்கே இறங்கும். இரைச்சல் மூளைல இருக்கு, தைலம் அங்க போகாது. மாத்திரையும் அப்படித்தான், காது இரைச்சலை நிறுத்தும்னு நிரூபிச்ச மாத்திரை இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல, விளம்பரத்துல மட்டும்தான் நிறைய இருக்கு.

கேள்வி: போன மாசம் மேப்பிங் பண்ணிட்டு வந்ததுல இருந்து எனக்கு இரைச்சல் கூடிடுச்சு. அடுத்த அப்பாயின்ட்மென்ட் மூணு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் மெஷினைக் கழட்டி வச்சுடட்டுமா?
(மஞ்சூர் வாசகர்)

பதில்: கழட்டி வைக்காதீங்க, மூணு மாசம் காத்திருக்கவும் வேண்டாம். மேப்பிங்ங்கறது ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எவ்வளவு கரன்ட்னு செட் பண்றது, அதுல ஏத்த இறக்கம் இருந்தா இரைச்சல் கூடலாம், குறையலாம். போன் போட்டு சொல்லுங்க. பிராசஸர்ல பழைய மேப் இன்னொரு புரோகிராம்ல இருக்கும் பெரும்பாலும், அதுக்கு மாத்திப் பாத்து இரைச்சல் இறங்குதான்னு குறிச்சுட்டுப் போங்க, அந்த ஒரு தகவலே அவங்களுக்குப் பெரிய உதவி. தேவைப்பட்டா தொந்தரவு பண்ற எலக்ட்ரோடை மட்டும் அணைச்சுடவும் முடியும்.

ஆனா இரைச்சலோட தலைசுத்தல் வந்தா, நாடி துடிக்கற மாதிரி 'டக் டக்'னு கேட்டா, காந்தம் ஒட்டற இடம் சிவந்து வீங்கினா, முகம் ஒரு பக்கம் இழுத்தா சர்ஜன்கிட்ட உடனே போகணும். காய்ச்சலோட கழுத்து விறைச்சா ஒரு நிமிஷம்கூட தாமதிக்காதீங்க, இம்ப்ளான்ட் வச்சவங்களுக்கு மூளைக்காய்ச்சல் ஆபத்து மத்தவங்களைவிட கொஞ்சம் அதிகம், அதனாலதான் நிமோகாக்கல் தடுப்பூசி போடச் சொல்றது. போட்டாச்சான்னு உங்க ஃபைலைப் பாருங்க.

கேள்வி: அப்பாவுக்கு இம்ப்ளான்ட் வச்சு ஒரு மாசம் ஆச்சு. மலை ஏறி இறங்கினா மெஷின் கெட்டுடுமா? தேவாலா மழைல எப்படி வச்சுக்கறது? மைசூருக்கு எத்தனை தடவை போக வேண்டியிருக்கும்?
(தேவாலா வாசகி)

பதில்: மலை ஏறினா மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது, காது அடைக்கறது எல்லாருக்கும் அடைக்கற மாதிரிதான், எச்சில் முழுங்கச் சொல்லுங்க. உங்க ஊருக்கு எதிரி உயரம் இல்ல, ஈரம். ஜூன்ல ஆரம்பிச்சா தேவாலால துணியே காயாது, மெஷின் மட்டும் காயுமா? தினமும் ராத்திரி டிரை பாக்ஸ்ல போடுங்க, உள்ள இருக்கற சிலிகா ஜெல் நிறம் மாறினா மாத்திடுங்க, வெறும் அரிசி டப்பால போட்டு வைக்காதீங்க, தூசி போய் மைக் அடைக்கும். திடீர்னு அப்பா 'இரைச்சல் திரும்ப வந்துடுச்சு'ன்னு சொன்னா பயப்படறதுக்கு முன்னாடி பேட்டரியையும் மைக் கவரையும் பாருங்க, மெஷின் மந்தமா ஓடினாலே இரைச்சல் தலை தூக்கும்.

முதல் வருஷம் போக்குவரத்து ஜாஸ்திதான், ஆரம்பத்துல வாரம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, அப்புறம் மாசம், அப்புறம் மூணு மாசம், அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு. சில மாடலுக்கு வீட்டுல இருந்தே ஆன்லைன்ல செட் பண்ற வசதி இருக்கு, உங்க மாடலுக்கு இருக்கான்னு கேளுங்க. நேர்ல போறப்போ காலை அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க. மேப்பிங் ரெண்டு மணி நேரம்கூட இழுக்கும், சாயங்காலம் ஆரம்பிச்சு ஒன்பது மணி தாண்டிட்டா வழியில இருக்கற பந்திப்பூர் காட்டுக்குள்ள ராத்திரி வண்டியை விட மாட்டாங்க, விடிய ஆறு மணி வரைக்கும் அப்பாவோட கேட்லதான் உக்காந்திருக்கணும்.